கொட்டை யாருக்கு?

காவேரிப்பட்டணம்
தை கடைசி வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், எனக்கும் அடுப்பில் களி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படித்து முடித்துப் பத்து வருஷம் ஆகிறது என்று உன்னோடு படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து, நீங்கள் மேனேஜ்மெண்ட் படித்த கல்கத்தா ஐஐஎம்முக்குப் பணம் கொடுக்கப் போகிறீர்கள். அங்கே கொடுப்பதா, நம் ஊருக்குச் செய்வதா என்று கேட்டாய். உன் அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவர் கட்டி, அதில் பேர் போடச் சொல் என்றார். பேர் போட்ட சுவர்களில் ஆடு கட்டியிருப்பதை நான் நிறையவே பார்த்துவிட்டேன். அவர் பேச்சை விடு.

அங்கே தாராளமாகக் கொடு. ஏன் சொல்கிறேன் தெரியுமா? உனக்கு சீட் கிடைத்தபோது கடனுக்காக நான் வங்கிக்குப் போனது நினைவிருக்கிறதா? முந்தானையில் தோடும் வளையலும், கையில் மாந்தோப்புப் பத்திரம். ஏழரை லட்சத்துக்கு மேல் படிப்புக் கடன் என்றால் அடமானம் கேட்பார்கள் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். மேனேஜர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இந்தக் காலேஜுக்கு அடமானம் வேண்டாம்மா, பத்திரத்தை உள்ளே வையுங்கள் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான், கொஞ்சம் கோபமும் இருந்தது. இருபது வருஷம் அங்கன்வாடியில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கின எனக்கு, பத்தாயிரம் கடனுக்கு ஜாமீன் யார் என்று கேட்ட ஊர் இது. நீ இன்னும் உள்ளே காலே வைக்காத ஒரு காலேஜின் பேர் உனக்கு ஜாமீன் நின்றது. 1961-ல் ஆரம்பித்த இடம் என்று நீதான் சொன்னாய். உனக்கு முன்னால் அத்தனை வருஷம் படித்துப் போனவர்கள் ஒழுங்காகக் கடனைக் கட்டியிருக்கிறார்கள், அதனால் உன்னை நம்பினார்கள். அந்தக் கணக்கில் உன் பங்கைக் கொடுப்பது நியாயம்.

எனக்கும் ஒரு முறை அப்படி ஜாமீன் கிடைத்தது. 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் மகளிர் சுயஉதவிக் குழு ஆரம்பித்தார்கள். அப்போது கிருஷ்ணகிரியும் அதில்தான் சேர்த்தி, 2004-ல்தான் பிரித்தார்கள். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அடமானம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நோட்டு எழுதினேன். நீ பக்கத்தைக் கிழித்ததற்கு அபராதம் ஒரு ரூபாய், அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன்.

போன மாசியில் நீ வந்திருந்தாயே, அந்த ஞாயிற்றுக்கிழமை. திண்ணையில் ஏழு பேர் புளி தட்டிக்கொண்டிருந்தோம். நீ முதலில் செல்லில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாய், அப்புறம் கீழே வந்து உட்கார்ந்தாய். பத்து கிலோ ஓட்டுப்புளியைத் தனியாக நிறுத்து, ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொன்னாய். புளி அஞ்சரை கிலோ வந்தது. கொட்டை மட்டும் மூன்று கிலோவுக்கு மேல். "இந்தக் கொட்டை யாருக்குப் போகுது சின்னம்மா?" என்று கேட்டாய்.

யாரும் பதில் பேசவில்லை. மண்டிக்காரர் எடுத்துக்கொள்வார், வேறென்ன? முன்பணம் அவர் கொடுக்கிறார், ஓட்டுப்புளி அவருடையது, தட்டுகிற கூலி கிலோவுக்கு இவ்வளவு. கொட்டை குப்பை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதை உடைத்து மாவாக்கினால் துணி மில்லில் நூலுக்குக் கஞ்சி போட வாங்குவார்கள் என்று நீ சொன்னபோது சின்னம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். நாற்பது வருஷமாக அவள் கையில் உருண்ட கொட்டை.

நீ படித்த படிப்பு என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதுவரை, ஒரு கம்பெனிக் கதையைக் கொடுத்து நீ முதலாளியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள் என்று நீ சொன்னதைக் கேட்டு, இதற்கா இத்தனை லட்சம் என்று மனசுக்குள் நினைத்ததுண்டு. வேலைக்குச் சேர்ந்ததும் உன்னைப் பீகாரில் கடை கடையாக சோப்பு விற்க அனுப்பினார்களே, அப்போது அழுதே விட்டேன். கடைக்காரர் அலமாரியில் பின்னால் தள்ளி வைத்த சரக்கைப் பார்த்துத்தான் வியாபாரம் கற்றுக்கொண்டேன் என்று நீ சொன்னாய். அந்தக் கண்தான் கொட்டைக் குவியலையும் பார்த்திருக்கிறது.

அதற்காக எல்லாவற்றிலும் நீ சொன்னது சரி என்று நினைக்காதே. பாக்கெட் போட்டு, லேபிள் ஒட்டி மும்பையில் விற்கலாம் என்று நாற்பது பாக்கெட் அனுப்பச் சொன்னாய். ஆடியில் மழைக்காற்று பட்டதும் புளி கசிந்து கறுத்து, உன் வீட்டு அலமாரியெல்லாம் எறும்பு. கல்லுப்பு போட்டுப் பானையில் அமுக்கி வை என்று நான் சொன்னதை நீ கேட்கவில்லை. குளிர்பதனக் கிடங்கில் வைத்தால்தான் நிறம் நிற்கும் என்பது கிருஷ்ணகிரி பழையபேட்டைப் புளி வியாபாரிகளுக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் சீசனில் எங்களிடம் மலிவாக வாங்கி, புதுப்புளி தீர்ந்த மாசங்களில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். எங்களால் காத்திருக்க முடியாது. பங்குனியில் காதுகுத்து, வைகாசியில் பள்ளிக்கூடச் செலவு.

அதனால் பணம் அனுப்பாதே. நிஜமாகச் சொல்கிறேன். நீ பணம் அனுப்பினால் ஏழு பேரும் ஏழு விதமாகப் பேசுவார்கள், எனக்குத்தான் தலைவலி. மாசியில் நான்கு நாள் லீவு போட்டு வா. இந்த வருஷம் முன்பணம் வாங்காமல் குழுக் கடனில் நாங்களே இரண்டு மரம் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். கூலி, குத்தகை, வட்டி, கிடங்கு வாடகை எல்லாம் போட்டுக் கணக்கு பார்க்க எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு புளியை உடனே விற்பது, எவ்வளவை வைப்பது? பழைய நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அப்புறம் வங்கிக்கு என்னோடு வா. ஆங்கிலத்தில் பேசி அவர்களைப் பயமுறுத்தாதே, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

சின்னம்மாவின் பேத்தி பி.காம் இரண்டாம் வருஷம், அரசு மகளிர் கல்லூரி. அரசாங்கம் கொடுக்கிற மாசம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் பணத்தில் கால்குலேட்டர் வாங்கி வைத்திருக்கிறாள். உன்னைப் போல் ஐஐஎம்மில் சேர கேட் (CAT) பரீட்சை எழுத வேண்டுமாம். அவளோடு ஒரு மணி நேரம் உட்கார். இங்கிலீஷுக்குத்தான் பயப்படுகிறாள்.

வரும்போது நல்ல எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வா. இங்கே இருப்பது கிலோவுக்கு ஐம்பது கிராம் முழுங்குகிறது.

இப்படிக்கு,
அம்மா

எழுத மறந்தது: கொட்டை ஒன்பது மூட்டை சேர்ந்திருக்கிறது. மண்டிக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். நீ வரட்டும் என்று எடுக்காமல் இருக்கிறேன்.