மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்காமலே பாகம் மாற்றிய உங்கள் சர்வீஸ் சென்டர் பற்றிப் புகார்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வணக்கம். என் டர்போ பெட்ரோல் காரை மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கோளாறுக்காக உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்டேன். பில் மேல் பில் கட்டினேன். கடைசியில் வண்டி முன்பைவிட மோசமான நிலையில்தான் என் கைக்கு வந்தது. பிறகு வெளியில் ஒரு மெக்கானிக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தும் கொடுத்துவிட்டார். அதனால் வண்டியைச் சரிசெய்து தாருங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. தேவையில்லாத வேலைகளுக்கு வாங்கிய பணம் திரும்ப வேண்டும், தவறான ஸ்பார்க் பிளக் போட்டதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். கடிதம் கொஞ்சம் நீளம்தான். போனில் சொன்னபோதெல்லாம் "நோட் பண்ணிக்கிட்டோம் சார்" என்பதோடு முடிந்துவிட்டதால் எல்லாவற்றையும் எழுதியே விடுகிறேன்.

கோளாறு இப்படி வரும். ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தால் ஐட்லிங் சீராக இருக்கும், மெதுவாக ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. மூன்றாவது, நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது ஏற்றத்துக்கோ ஓவர்டேக்குக்கோ ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தினால், டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற, அதாவது பூஸ்ட் ஏறுகிற அந்த நேரத்தில் வண்டி டக் டக்கென்று வெட்டும், இழுவை விழும், செக் இன்ஜின் லைட் மினுக்கும். காலை எடுத்தால் அடங்கிவிடும். இதை முதல் நாளே உங்கள் அட்வைசரிடம் இதே வார்த்தைகளில் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது ஒரே சொல்: "ஜெர்க்கிங்". எந்த கியரில், எந்த வேகத்தில், இன்ஜின் சூடா குளிரா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்குப் பதில் "டர்போ வண்டின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார். அப்படியெல்லாம் இருக்காது. டர்போ லேக் என்பது பிக்கப் தாமதமாக வருவது. இடையில் ஒரு சிலிண்டர் எரியாமல் போவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

என்னிடம் காரின் ஓபிடி போர்ட்டில் செருகிக் கோளாறுக் குறியீடுகளை (ஃபால்ட் கோட்) படிக்கிற சின்ன ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. கோளாறு வந்ததும் ஓரமாக நிறுத்திப் படித்தேன்: பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். கூடவே ஃப்ரீஸ் ஃபிரேமும் இருந்தது. கோட் பதிவான நேரத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கம்ப்யூட்டர் அதில் சேமித்து வைக்கும். 2,180 ஆர்பிஎம், லோடு 94 சதவீதம், கூலன்ட் 91 டிகிரி. சூடான இன்ஜின், அதிக லோடு, குறைந்த ஆர்பிஎம். பாதி விடை அதிலேயே இருந்தது. உங்கள் டெக்னீஷியன் ஸ்கேனரை மாட்டியதும் முதலில் செய்த வேலை அந்த ஃபால்ட் கோடை அழித்ததுதான். ஃபால்ட் கோடை அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நல்லவேளை நான் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். காட்டினேன், "அது லோக்கல் ஸ்கேனர் சார், நம்ப முடியாது" என்றார். உங்கள் ஸ்கேனர் என்ன காட்டியது என்று கேட்டால், அதைத்தான் அழித்துவிட்டாரே.

அப்புறம் பானெட்டைத் திறந்து வைத்து ஐட்லிங்கில் ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி, "டெஸ்ட் டிரைவ் ஓகே" என்று எழுதிக் கொடுத்தார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று அனுப்புவது மாதிரி இருந்தது.

இதை எரிச்சலில் மட்டும் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கிற காற்றைத் தாண்டித்தான் ஸ்பார்க் அடிக்க வேண்டும். அந்தக் காற்று எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு அதிக வோல்டேஜ் தேவை. ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, பிளக்குக்கு அந்த வோல்டேஜைக் கொடுக்கிற காயில் பலவீனமாக இருந்தாலும் சமாளித்துவிடும். பூஸ்ட் ஏறும்போது சிலிண்டருக்குள் காற்று திணிக்கப்படுவதால் தேவையான வோல்டேஜ் வெகுவாகக் கூடும். அப்போது காயிலின் பூட் எனப்படும் ரப்பர் உறையில் ஒரு மெல்லிய விரிசல் இருந்தால் போதும், கரண்ட் பிளக் முனையைத் தாண்டுவதைவிட அந்த விரிசல் வழியாக சிலிண்டர் ஹெட்டுக்கு எர்த் ஆகிவிடுவது சுலபம் என்று அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே பூஸ்டில் மட்டும் வருகிற மிஸ்ஃபயரைப் பூஸ்டில் ஓட்டித்தான் பிடிக்க முடியும். ஸ்கேனரில் சிலிண்டர் வாரியான மிஸ்ஃபயர் கவுண்ட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஏற்றத்தில் ஒரு முறை அழுத்தினால் தெரிந்திருக்கும். அந்த வசதி உங்கள் ஸ்கேனரில் இருக்கிறது என்பதை உங்கள் ஆளே பிறகு ஒப்புக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது பழி பெட்ரோல் மேல் விழுந்தது. "கலப்பட பெட்ரோல் சார், கார்பன் பிடிச்சிருக்கு, கிளீன் பண்ணணும்" என்றார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சுகிற நான்கு இன்ஜெக்டரும் ஒரே ஃபியூயல் ரெயில் குழாயில் இருந்துதான் பெட்ரோல் எடுக்கின்றன, பெட்ரோல் கெட்டதென்றால் மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? பதில் வரவில்லை, பில் வந்தது. அந்த பில்லில் "இன்டேக் வால்வு கார்பன் கிளீனிங்" என்று ஒரு வரி. விசாரித்தால், டேங்கில் ஒரு பாட்டில் திரவம் ஊற்றினார்களாம், அவ்வளவுதான். என் வண்டி டைரக்ட் இன்ஜெக்ஷன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, காற்று உள்ளே வருகிற இன்டேக் வால்வின் மேல் படுவதே இல்லை. இந்த வகை இன்ஜின்களில் அந்த வால்வுகளில் கார்பன் படிவதற்கே அதுதான் முக்கியக் காரணம். பெட்ரோலே தொடாத வால்வை பெட்ரோலில் கலந்த திரவம் எப்படிக் கழுவும்? வால்வில் நிஜமாகவே கார்பன் இருந்தால் காற்று வருகிற குழாயான மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இந்த ஒரு வரியை நான் தவறு என்று சொல்ல மாட்டேன், ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

பி0303 என்பது எந்த சிலிண்டர் என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் வேகமெடுக்கும். ஒன்று எரியாவிட்டால் அந்த இடத்தில் சுழற்சி ஒரு கணம் தளரும், சென்சார் அதைப் பிடிக்கும். காரணம் காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், சிலிண்டரின் அழுத்தம் (கம்ப்ரஷன்) குறைவாகவும் இருக்கலாம். அதனால்தான் மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டிப் பார்ப்பது என்கிற பழைய பழக்கம் இருக்கிறது. மிஸ்ஃபயர் காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில்; மாறாவிட்டால் அடுத்து பிளக், அதற்கும் அடுத்து இன்ஜெக்டர், கம்ப்ரஷன். புதிய பாகம் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் சர்வீஸ் சென்டரில் இதை யாரும் செய்யவில்லை. செய்ய ஆரம்பித்திருந்தாலே போதும், அந்தக் காயிலை வெளியே இழுத்ததுமே விஷயம் தெரிந்திருக்கும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

பிறகு நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். மாற்றியதில் எனக்கு வருத்தம் இல்லை, டர்போ இன்ஜினில் பிளக் சீக்கிரம் தேயும், தேய்ந்தால் முனைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி (கேப்) அதிகமாகும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றிய பிறகு வண்டி இன்னும் மோசமானது. முன்பு மூன்றாவது சிலிண்டர் மட்டும், இப்போது பி0300 (எந்த சிலிண்டர் என்று குறிப்பிடாத பொது மிஸ்ஃபயர்), பி0301, பி0304 என்று வரிசையாக. முன்பு நன்றாக அழுத்தினால்தான் வெட்டும், இப்போது பாதி அழுத்தினாலே வெட்டுகிறது. திரும்பக் கொண்டுபோனால் நான்கு காயிலும் போய்விட்டது, இசியுவும் (இன்ஜின் கம்ப்யூட்டர்) சந்தேகமாக இருக்கிறது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். பிளக் மாற்றிய அதே நாளில் புதிதாக இரண்டு சிலிண்டர் கெட்டுப் போயிருக்கிறதே, போட்ட பிளக்கைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன். "ஜெனியூன் பார்ட் சார்" என்றார்கள். ஜெனியூன்தான், அதில் பொய் இல்லை. எந்த இன்ஜினுக்கு ஜெனியூன் என்பதுதான் பிரச்சினை.

எஸ்டிமேட்டை அங்கேயே விட்டுவிட்டு வெளி மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இன்ஜின் ஆறிய பிறகு காயில்களைக் கழற்றினார். மூன்றாவது காயிலின் ரப்பர் பூட் எண்ணெயில் ஊறி உப்பிப் போயிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கி மின்னியது. இன்ஜின் மேல்மூடியின் அடைப்பான வால்வு கவர் கேஸ்கெட் கசிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. நீங்கள் மாற்றித் திருப்பிக் கொடுத்த பழைய பிளக்குகள் அட்டைப் பெட்டியோடு டிக்கியில் கிடந்தன. அவற்றை எடுத்துப் பார்த்தார். ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே மயிரிழை அளவுக்கு ஒரு கருங்கோடு. பெட்ரோலில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தார், எண்ணெய் போனது, கோடு போகவில்லை. காயில் பூட்டை விரித்து உள்ளே காட்டினார், அதே இடத்தில் அதே கோடு. கரண்ட் கசிந்து எர்த் ஆன பாதை அது. பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பூட்டை அதன் மேலேயே மாட்டினால் கசிவு தொடரும் என்றார். நீங்கள் செய்தது அதைத்தான்.

அடுத்து நீங்கள் போட்ட புதிய பிளக்குகள். இரிடியம் முனை என்பதால் வயர் கேஜை வைத்துப் பதமாக அளந்தார்: நான்கிலும் 1.1 மில்லிமீட்டர். என் வண்டியின் உரிமையாளர் கையேட்டில் இருப்பது 0.7. பார்ட் நம்பரைத் தேடியதில், அது இதே இன்ஜின் வரிசையில் டர்போ இல்லாத மாடலுக்கான பிளக். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்தக் கேப் சரி. பூஸ்ட் அழுத்தத்தில் 1.1 மில்லிமீட்டரைத் தாண்ட நல்ல காயிலே திணறும், அதனால்தான் நன்றாக இருந்த சிலிண்டர்களும் மிஸ் அடிக்க ஆரம்பித்தன. நீங்கள் மாற்றச் சொன்ன மற்ற மூன்று காயில்களும் இசியுவும் இன்று வரை வண்டியில் அப்படியேதான் இருக்கின்றன, ஒரு குறையும் இல்லை. கேஸ்கெட், ஒரே ஒரு காயில், சரியான பிளக்குகள், இவ்வளவுதான் மாற்றினார். அதே ஏற்றத்தில், அதே நான்காவது கியரில் இப்போது வண்டி வெட்டாமல் இழுக்கிறது. மிஸ்ஃபயர் கவுண்ட் நான்கு சிலிண்டரிலும் பூஜ்யம்.

எனக்குப் புரியாதது ஒன்று. பிளக் மாற்ற வேண்டுமானால் நான்கு காயிலையும் கழற்றியே ஆக வேண்டும். அப்படிக் கழற்றியவர் கையில் அந்த எண்ணெய் ஒட்டாமல் இருந்திருக்காது. பார்த்தார், துடைத்தார், மூடினார். ஜாப் கார்டில் ஒரு வார்த்தை இல்லை. அப்போது என் வண்டிக்கு வாரண்டி இருந்தது. பிளக்கும் கிளீனிங் திரவமும் தேய்மானக் கணக்கில் வருவதால் நான் பணம் கட்டினேன். கேஸ்கெட் கசிவும் அதனால் கெட்ட காயிலும் வாரண்டியில், உங்கள் செலவில் வந்திருக்க வேண்டியவை. இது தற்செயல்தானா என்று நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது பணத்தைவிடப் பெரிய விஷயம். லைட் மினுக்குகிறதே, ஓட்டலாமா என்று கேட்டதற்கு, "ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று உங்கள் அட்வைசர் சொன்னார். செக் இன்ஜின் லைட் நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியாகப் போய் கன்வர்ட்டருக்குள் எரியும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பாகம் உருகி அடைத்துக்கொள்ளும். வேகத்தைக் குறையுங்கள், அழுத்தி ஓட்டாதீர்கள், உடனே கொண்டுவாருங்கள் என்றுதான் உங்கள் கையேடே சொல்கிறது. உங்கள் கையேட்டை உங்கள் ஆட்களே படிப்பதில்லை போல.

ஆகவே நான் கேட்பது: கார்பன் கிளீனிங்குக்கும் தவறான பிளக்குகளுக்கும் அவற்றின் லேபருக்கும் வாங்கிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். கேஸ்கெட்டுக்கும் காயிலுக்கும் வெளியில் நான் கட்டிய தொகையை வாரண்டி கணக்கில் தர வேண்டும். வெளியில் வேலை பார்த்ததால் வாரண்டி போய்விட்டது என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம், முதலில் உங்களிடம்தான் வந்தேன், திரும்பத் திரும்ப வந்தேன், ஜாப் கார்டுகளே சாட்சி. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை உங்கள் செலவில் சோதித்து, அதன் நிலையை எழுதித் தர வேண்டும். பின்னால் அது அடைத்துக்கொண்டால் இந்த மிஸ்ஃபயரோடு ஓட்டச் சொன்னது யார் என்ற கேள்வி வரும், அதற்கு இப்போதே ஒரு பதிவு வேண்டும். டர்போ இல்லாத மாடலின் பிளக் என் ஜாப் கார்டுக்கு எப்படி வந்தது என்பதற்கும் விளக்கம் வேண்டும். ஸ்டோரில் எடுத்துக் கொடுத்தவர் தவறா, உங்கள் பார்ட்ஸ் கேட்டலாகிலேயே தவறா? கேட்டலாகில் என்றால் இதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அதே பிளக்தான் போயிருக்கும், அவர்களையும் கூப்பிட்டு மாற்றிக் கொடுங்கள்.

ஃப்ரீஸ் ஃபிரேம் போட்டோ, எல்லா ஜாப் கார்டுகள், பில்கள், பிளக் கேப் அளந்தபோது எடுத்த படங்கள், எண்ணெய் தேங்கிய குழியின் படம் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கருங்கோடு விழுந்த பழைய பிளக், அந்தக் காயில், நீங்கள் போட்ட நான்கு பிளக்குகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் டெக்னிக்கல் ஆள் யாராவது வந்து பார்க்கலாம், ஆனால் எடுத்துக்கொண்டு போக விடமாட்டேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். மறுபடி அதே அட்வைசரை விட்டுப் போனில் பேசச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்