கண்மாயின் கடைசித் தண்ணீரை இறைக்கத் தடை கோரி மனு

அனுப்புநர்:
மகளிர் குழு உறுப்பினர்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
திருப்புல்லாணி ஒன்றியம்,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ராமநாதபுரம்.

பொருள்: மீன்பாசி குத்தகையில் (கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமைக்கான ஏலத்தில்) கண்மாயை வற்ற இறைப்பதைத் தடுக்கவும், நாட்டு மீனையும் கொட்டிக்கிழங்கையும் காக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் கடலுக்குப் பக்கம். நல்ல தண்ணீர் மேலாப்பில்தான் கிடக்கிறது, கொஞ்சம் ஆழம் போனால் உப்பு. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாயில் நிற்கிற தண்ணீரை நம்பித்தான் நெல், ஆடுமாடு, மீன், கீரை, கிழங்கு எல்லாமே. நெல்லுக்காக மனு கொடுக்க விவசாய சங்கம் இருக்கிறது. மற்றவற்றைப் பற்றி யாரும் எழுதாததால் நாங்கள் எழுதுகிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகில் வருகிற மீன் எங்கள் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விடும். கடலோரத்தில் இருந்துகொண்டு கடல் மீன் வாங்க முடியாத அந்த நாட்களில், கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சட்டியில் கொதிப்பது கண்மாய்க் கெண்டையும் உளுவையும் குறவையும்தான். விரால் கிடைத்தால் அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் திருவிழா.

போன சித்திரையில் குத்தகைதாரர் மடைக்கு முன்னால் உள்ள பள்ளமான மடைக்குழி ஓரமாக மூன்று டீசல் இன்ஜின்களை இறக்கினார். இரண்டு ராத்திரி ஒரு பகல் விடாமல் ஓடியது. மூன்றாம் நாள் காலை ஆடுகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிப்போனோம். குடிக்க ஒரு கை தண்ணீர் இல்லை. பெரிய மீன் லாரியில் போய்விட்டது. விரல் நீளக் குஞ்சுகள் சேற்றுக்கு மேலே வாய் பிளந்து கிடந்தன, கொக்குகூடத் தின்று முடிக்க முடியாத அளவுக்கு. குறவையும் விராலும் ஈரச் சேறு இருந்தால்கூட உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் ஜாதி. சேற்றையும் மிதித்துக் கலக்கி, கை விட்டுத் துழாவி அதையும் எடுத்துவிட்டார்கள். விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்ற கதைதான்.

அடுத்த மழைக்குக் கண்மாய் பெருகியது. வழக்கமாக அந்த நேரத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாக மேலே மிதந்து வரும், கீழே தாயும் தகப்பனும் காவலாகச் சுற்றும். இந்த முறை கரை நெடுகப் பார்த்தோம். ஒரு கூட்டம்கூடக் கண்ணில் படவில்லை.

இன்னொன்று கொட்டிக்கிழங்கு. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரிவதில்லை, எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. தண்ணீர் இருக்கும்போது இலை மேலே மிதக்கும். வற்றியதும் கிழங்கு மண்ணுக்குள் தங்கும். எங்கள் பெண்கள் வெயிலுக்கு முன்னால் போய் மண்வெட்டியால் கொத்தி, உதிர்த்துப் பொறுக்கி, கழுவி, உப்புப் போட்டு அவித்துச் சந்தையில் படியால் அளந்து விற்கிறார்கள். கருப்புத் தோலை நகத்தால் உரித்தால் உள்ளே வெள்ளை வெளேர். கையால் கொத்தும்போது சிறுகிழங்கு தப்பி நிற்கும், அது அடுத்த மழைக்கு முளைக்கும். கண்மாய்க்குள் ஜேசிபி இறங்கி மண் அள்ளிய இடத்தில் இரண்டு வருடமாக ஒரு கொட்டி இலை மிதக்கவில்லை. அந்தக் குழியில் நிற்கிற தண்ணீரும் சவர் கட்டிவிட்டது, மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறது. வயலுக்கு வண்டல் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் எடுக்கிறவர்கள்தான். மேல் வண்டலோடு நிறுத்தாமல் ஆழத் தோண்டுவதைத்தான் சொல்கிறோம்.

பக்கத்து ஊர்க் கண்மாயில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விட்டிருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. அந்த மீனை வளர்க்க மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை போட்டது. மறுகால் போனால், அதாவது கண்மாய் நிறைந்து உபரித் தண்ணீர் வெளியேறினால், ஒரு கண்மாய் மீன் அடுத்த கண்மாய்க்கு வந்துவிடும். நாட்டு மீனைத் தின்று தீர்க்கிற அது எங்கள் கண்மாய்க்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் யாராலும் பிடித்து முடிக்க முடியாது.

நம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். சந்தோஷம். எங்கள் கண்மாய் எந்தப் பட்டியலிலும் இல்லை, ஆனால் நாரைகள் பட்டியல் பார்த்து இரை தேடுவதில்லை, இங்கேயும் இறங்குகின்றன.

குத்தகையை நிறுத்தச் சொல்லி நாங்கள் வரவில்லை. ஊராட்சிக்கு அதில் நாலு காசு வருவது எங்களுக்கும் தெரியும். மடை வழியாகத் தானாக வடிகிற தண்ணீரைத் தவிர இன்ஜின் வைத்து இறைக்கக் கூடாது என்றும், மடைக்குழியிலும் கண்மாயின் உட்பக்கமான உள்வாய்ப் பள்ளத்திலும் முழங்கால் அளவுத் தண்ணீரை மீனுக்கும் ஆடுமாடுக்கும் விட்டுவைக்க வேண்டும் என்றும் ஏல நிபந்தனையிலேயே எழுத உத்தரவிடுங்கள். குத்தகைதாரர் வலை வீசி முடித்த பிறகு ஒரு நாள், முன்பு நடந்ததுபோல, ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஊர் சனம் இறங்கிப் பிடிக்க அனுமதி வேண்டும். கொட்டி முளைக்கிற மேற்குப் பகுதியைக் கல் ஊன்றி எல்லை காட்டி, அதற்குள் இயந்திரம் இறங்கத் தடை போட வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி பற்றி மீன்வளத் துறையினர் நேரில் வந்து பார்க்கச் செய்ய வேண்டும். அவர்கள் குஞ்சு விடுவதாக இருந்தால் கட்லா, ரோகுவோடு நாட்டு விராலையும் சேர்த்து விடட்டும்.

இதையே போன வருடம் ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். ‘தண்ணீர் வற்றினால் மீன் சாகத்தானே செய்யும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வற்றவில்லை ஐயா, வற்ற வைத்தார்கள்.

அடுத்த ஏலம் மாசியில் என்று சொல்கிறார்கள். அதற்கு முன்னால் நிபந்தனையைச் சேர்த்தால்தான் இந்தக் கோடைக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மகளிர் குழுவினரும் ஊர்ப் பொதுமக்களும்

இணைப்பு: கையொப்பங்கள், இறைத்த மறுநாள் எடுத்த புகைப்படங்கள்.