பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் பிரஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரி ஒன்றின் கிளினிக் வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மா. கூட வந்தவன் பேரன், பன்னிரண்டு வயதிருக்கும். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. பையன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறான். சரி, அவனே பேசட்டும் என்றாகிவிட்டது. காய்ச்சல், சாப்பாடு, நித்திரை வரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு டொக்டர் “லே யனவாத?” என்று கேட்டார். இரத்தம் போகிறதா என்று அர்த்தம். பையனுக்குக் காது சிவந்துவிட்டது. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாட்டியிடம் கேட்காமலே “நே” என்றான். இல்லையாம். டொக்டர் எழுதிக்கொண்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கிருந்த தாதியிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த அம்மாவை மறுபடி உள்ளே அழைக்கச் செய்தேன். தமிழ் தெரிந்த சிற்றூழியப் பெண் ஒருவர் எங்கிருந்தோ வந்தார். அப்புறம் என்ன பதில் சொன்னார் என்பது அந்த அம்மாவின் சொந்த விஷயம், இங்கே எழுதமாட்டேன். டொக்டர் மேல் எனக்குக் கோபமில்லை, வெளியே அவ்வளவு சனம். பையன் மேல் துளியும் இல்லை.

நான் தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். 1980களில் குருநாகல் பக்கம் போட்டார்கள். அப்போது எனக்குத் தெரிந்த சிங்களம் கடைக்குப் போய்வரத்தான் காணும். காசுக்கட்டளைப் படிவமும் கடித உறையும்தான் எனக்கு அரிச்சுவடி. ‘கண்டி’ என்று தமிழில் எழுதிய கடிதமும் ‘மஹநுவர’ என்று சிங்களத்தில் எழுதிய கடிதமும் ஒரே பையில் விழ வேண்டும். ‘யாப்பனய’ என்றால் யாழ்ப்பாணப் பை, ‘மடகலபுவ’ என்றால் மட்டக்களப்புப் பை. மாற்றிப் போட்டால் கடிதம் நாட்டைச் சுற்றிவிட்டு நம்மிடமே திரும்பி வரும், மேலதிகாரியின் ஏச்சும் கூடவே வரும். ஆறு மாதத்தில் கண் பழகிவிட்டது. வாய் பழக இரண்டு வருஷம் பிடித்தது. என்னோடு வேலை பார்த்த சிங்கள நண்பர் பிறகு மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போனார். முத்திரை வாங்க வந்தவர்களுக்கு விரலை மடக்கி மடக்கி விலை சொன்ன கதையை இன்றைக்கும் போனில் சொல்லிச் சிரிப்பார். ஆக, இது தமிழருக்கு மட்டும் உள்ள கஷ்டம் என்று நான் சொல்ல வரவில்லை.

சட்டத்தில் இப்போது பெரிய குறை இல்லை. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் போட்டது எல்லாருக்கும் தெரியும். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அடுத்த வருஷமே 16ஆவது திருத்தம், சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் நாம் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வருகிறவர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றுநிருபம் போட்டார்கள். முறைப்பாடு சொல்லத் தொலைபேசி இலக்கமும் கொடுத்தார்கள்: 1956. எந்தப் புண்ணியவான் அந்த இலக்கத்தைத் தெரிவு செய்தாரோ!

பரீட்சை எழுதிப் பெற்ற சான்றிதழ் கோப்பில் இருக்கிறது. ஆனால் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றால், “சிங்களம் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்ற ஒரு வசனம் மட்டும் சுத்தமான தமிழில் வருகிறது. பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனத்துக்கு மேலே ‘தா’ ‘நா’வாகிப் போன பலகையைப் படமெடுத்துப் போட்டு எல்லாரும் சிரித்தோமே, அதிலாவது யாருக்கும் உயிராபத்து இல்லை.

எனக்குப் பெரிய பயம் கையொப்பத்தில்தான். அடையாள அட்டையைத் தொலைத்த ஒருவர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, அதன் பிரதியை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தார். பஸ்ஸில் தொலைந்தது என்று சொன்னாராம். தாளில் வீட்டில் தொலைந்தது என்று இருக்கிறது. கீழே அவருடைய கையொப்பம், தமிழில், முத்து முத்தாக. அடையாள அட்டைதானே, ஒன்றும் ஆகவில்லை. அதுவே அடிதடி என்றாலோ காணித் தகராறு என்றாலோ? எழுதியதை அவரவர் மொழியில் வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையொப்பம் வாங்கக் கூடாது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நிலையத்திலும் இல்லாவிட்டால், மாவட்டத்துக்கு இரண்டு பேரைப் போட்டுத் தொலைபேசியிலாவது பேச வைக்கலாம். தபாலகத்தில் ஆளில்லாத நாளில் பக்கத்துத் தபாலகத்துக்குப் போன் போட்டு நாங்கள் இப்படித்தான் சமாளித்தோம்.

கிளினிக்குக்குத் திரும்புகிறேன். அது வாரத்தில் இரண்டு காலை நடக்கிறது. இரண்டு நாளும் வந்து உட்கார நான் தயார். சம்பளம் வேண்டாம், ஒரு கதிரை போதும். பெண்களுக்குப் பெண்தான் வேண்டும் என்பது தெரிந்ததால், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இரண்டு பேரிடம் கேட்டேன், அவர்களும் வருவதாகச் சொன்னார்கள். இதையெல்லாம் தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றுமாக எழுதி ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்து மூன்று வாரமாகிறது. இன்னும் எந்த மொழியிலும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
ஹட்டன்