இரண்டு வன்தட்டு இருந்தும் எழும்பாத கணினி

கிளிநொச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். இரணைமடுப் பக்கம் காலபோக விதைப்பு முடிந்து மழை பிடித்துவிட்டது. மின்வெட்டும் கூடவே தொடங்கியிருப்பதால், நீர் எழுதிய தொல்லை இங்கும் பலருக்கு வரக்கூடியதே.

சங்கக் கணக்குகள் உள்ள கணினியில் இரண்டு வன்தட்டுகளை, ஒரே தரவு இரண்டிலும் பதியும்படி, ரெயிட் 1 ஆக இணைத்திருந்தும், முதல் தட்டு பழுதானதும் துவக்கச் சாதனம் இல்லையென்று திரை நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர். தரவு போய்விட்டதென்று முடிவுகட்டாதீர். மென்பொருள் ரெயிட்டை நடத்துவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னல். அது ஏறுமுன் கணினியை எழுப்பும் பயோஸுக்கு அப்படியொரு இணைப்பு இருப்பதே தெரியாது. பயோஸ் ஒரு தட்டின் முதல் 512 பைட்டுகளை வாசித்து, அங்கே லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் நிரலின் தொடக்கம் இருந்தால்தான் மேலே போகும். அந்த இடம் தட்டைப் பங்கிட்ட பிரிவுகளுக்கு வெளியே கிடப்பதால், பிரிவுகளை மட்டும் இணைத்த ரெயிட் அதை மற்றத் தட்டுக்குப் படியெடுப்பதில்லை. நெல்லை இரண்டு களஞ்சியத்திலும் வைத்துவிட்டு, திறப்பை ஒன்றுக்கு மட்டும் செய்வித்த நிலை இது.

யூஎஸ்பியிலிருந்து லினக்ஸை ஏற்றி, ரெயிட்டைக் கையாளும் எம்டிஆடம் கருவியால் இணைப்பை எழுப்பி, அதன் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் பாரும். சதுர அடைப்புக்குள், இயங்கும் தட்டுக்கு ஒன்றாக, இரண்டு 'யூ' (U) இருக்கவேண்டிய இடத்தில் ஒரு 'யூ'வும் ஒரு அடிக்கோடும் தெரிந்தால், ஒரு தட்டு இல்லாமலே தரவு உயிரோடு இருக்கிறது. இணைப்பின் பெயர் எம்டி127 என்று மாறியிருந்தாலும் பயப்படவேண்டாம். எக்காரணம் கொண்டும், புது இணைப்பை உருவாக்கும் எம்டிஆடத்தின் 'கிரியேட்' கட்டளையைத் தொடாதீர். அது உள்ள இணைப்பின் குறிப்புகளை மேலெழுதிவிடும். பிறகு வன்தட்டில் லினக்ஸ் உள்ள ரூட் பிரிவை ஏற்றி, குரூட் கட்டளையால் யூஎஸ்பி லினக்ஸிலிருந்து அதனுள்ளே நுழைந்து, பிரிவில் அல்லாமல் முழுத் தட்டிலேயே கிரப்பை நிறுவும்.

கிரப் மெனு வந்து, பின்னர், கேர்னலோடு ஏறும் தொடக்கக் கோப்புத்தொகுதியான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் கட்டளை வரியில் நின்றால் சங்கதி வேறு. அப்போது கேர்னல் ஏறிவிட்டது, இணைப்புத்தான் கூடவில்லை. எம்டிஆடம் அமைப்புக் கோப்பைத் திருத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீரும். பயோஸுக்குப் பதிலாக யூஈஎஃப்ஐ உள்ள புதுக் கணினியானால், துவக்க நிரல் கிடக்கும் ஈஎஃப்ஐ பிரிவு இரண்டு தட்டிலும் தனித்தனியே இருக்கவேண்டும்.

புதுத் தட்டைச் சேர்த்து ஒத்திசைவு முழுதாக முடிந்தபின், அதிலும் கிரப்பை நிறுவி, கணினியை அணைத்து, ஒரு தட்டின் கேபிளைக் கழற்றி ஏற்றிப் பாரும். இந்தச் சோதனையைச் செய்யாத ரெயிட்டை நான் நம்புவதில்லை. கழற்றியதை மீண்டும் சேர்த்து, அது ஒத்திசைந்த பிறகே மற்றதைக் கழற்றும். வவுனியாவில் தட்டு வாங்கப் போகிறீரென்றால் பழையதன் கொள்ளளவை எழுதிக்கொண்டு போம். பிரிவு சற்றுச் சிறிதானாலும் ரெயிட் ஏற்காது.

அன்புடன்,
உமது பழைய நண்பன்