பொதுத்துறை எண்ணெய் நிறுவன இயக்குநர்களுக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர்களே,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் பூண்டு, அப்புறம் உங்கள் நிறுவனங்களில் கொஞ்சம் பங்கு, இவ்வளவுதான் நான். நீலகிரிப் பாறையில் ஷேல் எரிவாயு (களிமண் பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கும் எரிவாயு) கிடையாது, இவனுக்கு ஏன் இந்தப் பேச்சு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நீங்கள் வாங்கிய ஷேல் நிலத்தின் கணக்கைத்தான் கேட்க வந்தேன்.

அந்த வியாபாரம் எனக்குப் புரிந்தது இப்படி. அங்கே நிலத்தடி வளம் பெரும்பாலும் தனியாருக்கே சொந்தம். கம்பெனிக்காரர்கள் சில வருடக் குத்தகைக்குப் பிடிக்கிறார்கள், அதற்குள் கிணறு போட்டு உற்பத்தியைக் காட்டாவிட்டால் குத்தகை போச்சு. லட்சக்கணக்கான ஏக்கரை வளைத்துப் போட்டவரிடம் அத்தனையிலும் கிணறு போடக் காசு ஏது? அதனால் கூட்டாளி தேடுகிறார். கேத்திப் பக்கம் குத்தகைக்குக் காடு பிடித்தவர், "பாதிப் பங்கு உனக்கு, இப்போது கையில் ஒரு தொகை கொடு, என் பங்குக்கான விதைப்பூண்டு, உரம், கூலியையும் நீயே போடு" என்று கேட்பதைப் போலத்தான். இப்படி விற்றவர் பங்குக்கான செலவையும் வாங்கியவரே போடுவதற்குப் பெயர் கேரி. மேட்டுப்பாளையம் ஏலத்தில் விலை சரிந்தால் யாருக்கு அடி என்று இங்கே யாரும் விளக்கத் தேவையில்லை.

இதில் கைதேர்ந்தது செசபீக் என்ற அமெரிக்க எரிவாயுக் கம்பெனி. 2008-இல் கிழக்கு அமெரிக்காவின் மார்செல்லஸ் ஷேல் நிலத்தில் 32.5 சதவீதத்தை நார்வேயின் ஸ்டாட்டாயிலுக்கு 337.5 கோடி டாலருக்குக் கொடுத்தது. ரொக்கம் 125 கோடி, மிச்சம் 212.5 கோடி கேரி. அதே வருடம் ஜூலையில் ஒரு அலகுக்கு (எம்எம்பிடியூ) 13 டாலரைத் தொட்ட எரிவாயு விலை, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே போனது. (விற்றவரும் தப்பவில்லை, 2020-இல் செசபீக் திவால் மனு போட்டது.)

சரி, நம் கதைக்கு வருவோம். ஹூஸ்டனில் கரிசோ என்று ஒரு கம்பெனி. 2010-இல் ரிலையன்ஸ் அதனிடம் பங்கு வாங்கியது, 2011-இல் கெயில், 2012-இல் ஆயில் இந்தியாவும் இந்தியன் ஆயிலும். மூன்று வருடத்தில் ஒரே கடை வாசலில் மூன்று முறை! ரிலையன்ஸ் 39.2 கோடி டாலருக்கு வாங்கியதை 2017-இல் 12.6 கோடிக்கு விற்றது, அது தனியார் பணம், விடுங்கள். ஆனால் ஆயில் இந்தியாவும் இந்தியன் ஆயிலும் கொலராடோவின் நயோப்ராரா ஷேல் நிலத்தில் 30 சதவீதத்துக்குப் பேசிய 8.25 கோடி டாலரில் சரிபாதி கேரி. அதில் ஆயில் இந்தியாவின் 20 சதவீதத்துக்கு 5.5 கோடி வருகிறது, 2022-இல் அந்தப் பங்கு 2.5 கோடிக்குப் போனது. இடையில் எண்ணெய் விற்ற வரவும் இருக்கும், அதற்குமேல் கிணறு போட்ட செலவும் இருக்கும். அதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரே பக்கத்தில், சாதாரணப் பங்குதாரருக்குப் புரிகிற மாதிரி போடுங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை.

இன்னொன்று. 2011-இல் நோபிள் எனர்ஜி என்ற அமெரிக்கக் கம்பெனி, கன்சோல் நிறுவனத்தின் மார்செல்லஸ் நிலத்தில் பாதியை வாங்கியபோது ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கியது: எரிவாயு விலை தொடர்ந்து மூன்று மாதம் 4 டாலருக்குக் கீழே இருந்தால் கேரி நிற்கும். விலை விழுந்தது, கேரியும் நின்றது. உங்கள் ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரி இருந்ததா? 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30-க்குக் கீழே இறங்கியபோது உங்கள் கையில் என்ன பிடி இருந்தது?

காவிரிப் படுகையில் கை வைக்கச் சொல்வதாக இதைப் படிக்க வேண்டாம். டெல்டா 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் வேறெங்கோ நாளை யாரோடாவது கூட்டுச் சேரப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு முன்னால் அந்த ஒரு வரியைக் கேளுங்கள். முடிந்தால் கேரி கட்டுகிற இடத்தில் நிற்காமல் வாங்குகிற இடத்தில் நில்லுங்கள்.

பதிலை அடுத்த ஆண்டறிக்கையில் போட்டாலும் போதும். முந்நூறாவது பக்கத்து அடிக்குறிப்பில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு சிறு பங்குதாரர்