நாலாவது குல்லா

சார்செல் (பாரிஸ் புறநகர்),
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் வடகமும் பெரியம்மா மகன் கையில் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. வடகத்தை அன்றைக்கே தாளித்துவிட்டேன், கடிதத்துக்குத்தான் கை வரவில்லை. போனில் பேசுகிறோமே என்பான் தம்பி. நீ வாயைத் திறப்பதற்குள் அவன்தான் போனைப் பிடுங்கிக்கொள்கிறானே!

இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. குளிர் ஒன்றும் பிரமாதமில்லை. ஹீட்டரைக் கூட்டி வைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது, அதனால் குறைத்தே வைக்கிறோம். அவருக்கு ஓட்டலில் இப்போது சாயங்கால வேலை மட்டும்தான். பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார், எனக்கும் பேச்சுத்துணை. போட்டோவில் இளைத்துத் தெரிகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அது கேமரா பண்ணுகிற வேலை.

தங்கச்சி குழந்தைக்கு ஒரு குல்லா பின்னியிருக்கிறேன். சிரிக்காதே. க்ளூனி மடத்து எம்ப்ராய்டரியில் காலமெல்லாம் உட்கார்ந்த உனக்குப் பிறந்தும், பட்டன் தைக்கத் தெரியாமல் வளர்ந்தவள் நான். கற்றுக்கொடுத்தது மேல்மாடி மதாம். வடகம் தாளித்தால் ஏதோ கருகுகிறது என்று கதவைத் தட்டி சண்டைக்கு வருவார் என்று சொல்வேனே, அதே அம்மாதான். இந்தத் தடவை கையில் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

நூல் கடையில் வாங்கியதில்லை. நான் கிளம்பும்போது சண்டே மார்க்கெட்டில் நீ வாங்கித் தந்த நீல ஸ்வெட்டர் எனக்குச் சின்னதாகிவிட்டது, அதன் கை இரண்டையும் பிரித்தேன். குழந்தை பிறக்கிறதுக்கு முன்னே புதுத்துணி எடுக்கக் கூடாது என்று நீதானே சொல்வாய், பழசு என்றால் தோஷமில்லையே. பிரித்த நூல் சேமியா மாதிரி சுருண்டுகொண்டு நின்றது. கழியாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு ஷாம்பு பாட்டிலைக் கட்டினேன். இரண்டு நாளில் நேராகிவிட்டது.

மதாம் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினார். கம்பளியானால் முடி கருகுகிற வாசனை வரும், சாம்பல் உதிரும். இது உருகி மணி மாதிரி கெட்டியானது. அக்ரிலிக்! உனக்குச் சுத்தக் கம்பளி என்று சத்தியம் பண்ணி விற்றானே, ஞாபகமிருக்கிறதா? போகட்டும், குழந்தைக்கு அரிக்காது, மெஷினில் போட்டுத் துவைக்கலாம். ஆனால் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும்போது குல்லாவை எட்ட வைத்துவிடு.

முதல் குல்லா உன் மாப்பிள்ளை தலைக்குச் சரியாக இருந்தது. ஒரு சின்னத் துண்டு பின்னி, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று அளந்த பிறகு ஆரம்பி என்றார் மதாம். எனக்கு அவசரம். இரண்டாவதில் முதல் வரிசையை வட்டமாகச் சேர்க்கும்போது ஒரு முறுக்கு விழுந்ததைக் கவனிக்கவில்லை. நாலு விரல் உயரம் பின்னிய பிறகுதான் தெரிந்தது, முறுக்கிய பூமாலை மாதிரி சுற்றிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது பார்க்க நன்றாக இருந்தது, விளிம்பு மட்டும் இறுக்கம். லா ஷப்பெல் கடைத்தெருவிலிருந்து ஒரு தேங்காய் வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன், பாதியில் மாட்டிக்கொண்டது. (தேங்காயை மறுநாள் சட்னி அரைத்தோம்.) இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து முதல் வரிசையைப் போட்டால் விளிம்பு இளகும் என்று அப்புறம்தான் சொன்னார். முன்னாலேயே சொல்லக் கூடாதா என்றால், இறுகிப் பார்த்தால்தான் புரியுமாம்.

நாலாவதுதான் உனக்கு வருவது. நாலாம் நம்பர் ஊசி, 72 கண்ணி. பத்து சென்டிமீட்டருக்கு 22 வீதம் சுற்றளவு 33க்குக் கொஞ்சம் குறைவு. பிறந்த குழந்தையின் தலை 34, 35 இருக்கும், குல்லா ஒரு சுற்றுச் சின்னதாக இருந்தால்தான் நழுவாமல் பிடிக்கும். விளிம்புக்கு நேராக இரண்டு, புரட்டி இரண்டு. மதாம் அதை ஆந்த்ருவா, ஆன்வேர் என்று பாட்டாகவே பாடுவார்.

நீ உள்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பாய். பார். ஒரு முடிச்சு கிடையாது. அது மதாம் சொல்லித் தந்ததில்லை. ஸ்வெட்டரைப் பிரிக்கும்போது வலது மணிக்கட்டில் நீ இழை ஓட்டித் தைத்த இடம் வந்தது, அந்தக் கிழிசல். உன் நூலுக்கு எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தேடியே ஒரு சாயங்காலம் போயிற்று. முடிச்சுப் போடாமல் உள்ளுக்குள்ளேயே போக்கி, திருப்பி, மறைத்திருந்தாய். அதற்குமேல் அன்றைக்குப் பிரிக்க முடியவில்லை. நீ வேலை முடிந்து வந்து வாசற்படியில் சொம்பில் தண்ணீர் மொண்டு கால் கழுவுகிற சத்தம் இருக்கிறதே, அது எனக்கு வேண்டும் அம்மா. இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்துவிடுகிறோம்.

சரி, விடு. தூங்கும்போது குழந்தைக்குக் குல்லா போடக் கூடாதாம், சூடு தலை வழியாகத்தான் வெளியேறும் என்கிறார்கள். நீ கேட்கமாட்டாய், தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். பனியில் வெளியே தூக்கிப்போனால் மட்டும் போடுங்கள்.

வளைகாப்புக்குப் பணம் கொஞ்சம் தாமதமாகும். பேங்கில் ஏதோ பேப்பர் கேட்கிறார்கள், வேறொன்றுமில்லை. அடகில் இருக்கிற என் வளையலைப் பொங்கலுக்குள் மீட்டுவிடலாம், வட்டியை மட்டும் தம்பியைக் கட்டச் சொல். கண்ணாடி வளையலைப் பெரிய மார்க்கெட்டில் வாங்கு, தெருவில் வருகிறவனிடம் வேண்டாம். மாடி வீட்டுக்காரர் காலி செய்கிறார் என்றாயே, வெள்ளையடிக்காமல் அடுத்தவரை வைக்காதே. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? அவள் மகன் டிசம்பர் முதல் வாரம் ஊருக்கு வருகிறான், குல்லா அவன் பையில் இருக்கும்.

குழந்தை பிறந்ததும் தலையைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து, அந்த நூலையே கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. சென்டிமீட்டரைத் தம்பியிடம் கேட்டால் தப்பாகத்தான் சொல்வான்.

உன்
பெரியவள்