கியர் பாக்ஸ் கிட் பெட்டிக்குள் கிரவுன் ஆயில்: புகார் கடிதம்

அனுப்புநர்:
பிக்கப் வண்டி உரிமையாளர்கள் இருவர்,
தண்டையார்பேட்டை,
சென்னை – 600 081.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தங்கள் ‘மேனுவல் கியர் பாக்ஸ் சர்வீஸ் கிட்’டில் தவறான ஆயில், பொருந்தாத வாஷர், பிழையான விளக்கத்தாள். பணத்தைத் திருப்பித் தரவும், மீதமுள்ள சரக்கை விற்பனையிலிருந்து எடுக்கவும் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் மேற்படி கிட்டை 2,450 ரூபாய்க்கு வாங்கினோம். பெட்டியின் மேல் எங்கள் வண்டியின் மாடலும், 2006 முதல் 2011 வரை என்ற ஆண்டுக் கணக்கும் தெளிவாக அச்சாகியிருக்கின்றன. உள்ளே இருந்தவை: ஒரு லிட்டர் ஆயில் பாட்டில் இரண்டு, பின்பக்க ஆயில் சீல் ஒன்று, வாஷர் இரண்டு, லிக்விட் கேஸ்கெட் டியூப், கை பம்ப், நான்கு பக்க விளக்கத்தாள். பட்டியலில் இருக்கும் பிரீதர் மூடி (கியர் பாக்ஸுக்குள் காற்று போய்வரும் துளையின் மூடி) பெட்டிக்குள் இல்லை.

நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். கிரவுனுக்கு, அதாவது பின் அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர அமைப்புக்கு, போட வேண்டிய சாமான்களோடு ஒரு கியர் பாக்ஸ் சீலைச் சேர்த்து, மேலே ‘கியர் பாக்ஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஆயில். பாட்டிலில் இருப்பது 85டபிள்யூ-140 (இது கெட்டித்தன்மைக் குறியீடு), ஏ.பி.ஐ. ஜி.எல்-5 (இது எந்த வேலைக்கான ஆயில் என்று காட்டும் குறியீடு). எங்கள் வண்டியின் கையேடு கியர் பாக்ஸுக்குக் கேட்பது 80டபிள்யூ-90, ஜி.எல்-4. அதே கையேட்டில் கிரவுனுக்கு 85டபிள்யூ-140, ஜி.எல்-5 என்றுதான் போட்டிருக்கிறது. 5 என்பது 4-ஐவிடப் பெரிய எண் என்பதால் அது உயர்ந்த ஆயில் ஆகிவிடாது. இரண்டுக்கும் வேலை வேறு. கிரவுனில் பினியன் பல்லும் கிரவுன் வீல் பல்லும் ஒன்றின் மேல் ஒன்று அழுத்தத்தோடு வழுக்கி ஓடுகின்றன. அந்த இடத்தில் இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் ஜி.எல்-5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானத்தை ஜி.எல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்க்கிறார்கள். கியர் பாக்ஸிலோ, கியர் மாற்றும்போது சுழற்சியைச் சமமாக்கும் பித்தளை சின்க்ரோ ரிங் இருக்கிறது. சூடான ஆயிலில் அந்தச் சேர்மானம் பித்தளையை அரிக்கும். அது நாள்பட நடக்கும் சேதம். அன்றைக்கே தெரியும் கோளாறு வேறு: சின்க்ரோ ரிங் என்பது ஒரு குட்டி பிரேக். கியரின் கூம்பு வடிவப் பகுதியான கோனைக் கவ்விப் பிடித்து இரண்டு பக்கச் சுழற்சியையும் சமமாக்கினால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். வழுக்கல் அதிகமான ஆயிலில் ரிங் பிடிக்காது, பல்லோடு பல் மோதும்.

கெட்டித்தன்மை அடுத்த பிரச்சினை. 40 டிகிரி சூட்டில் 80டபிள்யூ-90 ஆயில் வழக்கமாக 140, 150 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) இருக்கும். 85டபிள்யூ-140 சாதாரணமாக 300-ஐத் தாண்டும். சென்னையில் குளிர் இல்லையே என்பீர்கள். ஆனால் காசிமேட்டில் மீன் லோடு ஏற்றும் வண்டி விடியலுக்கு முன்பே கிளம்புகிறது. அந்த நேரத்தில் கியர் பாக்ஸ் சூடேறியிருக்காது. உங்கள் ஆயிலை ஊற்றியபின் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளும்போது லீவர் பாதியில் நிற்கிறது, அழுத்தினால் ‘கர்ர்’ என்று விழுகிறது. டபுள் கிளட்ச் அடித்தால், அதாவது நடுவில் நியூட்ரலில் விட்டு கிளட்சை இரண்டு முறை மிதித்தால், மட்டுமே இறங்குகிறது. எங்கள் இன்னொரு வண்டி இதே மாடல், இதே ஆண்டு, ஓடிய கிலோமீட்டரும் ஏறக்குறைய அதேதான். அதில் 80டபிள்யூ-90 ஜி.எல்-4 இருக்கிறது, இந்தச் சத்தம் இல்லை. உங்கள் ஆயிலை வடித்துவிட்டு அதே ஜி.எல்-4 ஊற்றியதும் இந்த வண்டியிலும் இரண்டாவது கியர் முன்போல விழத் தொடங்கியது. கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லை என்ற பதிலை அனுப்பிவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். ஜி.எல்-4, ஜி.எல்-5 இரண்டுக்கும் ஏற்றவை என்று தயாரிப்பாளரே அச்சிட்டுத் தரும் ஆயில்கள் உண்டு. உங்கள் பாட்டிலில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

அளவும் போதாது. கையேட்டின்படி கொள்ளளவு 2.2 லிட்டர், நீங்கள் தந்தது 2 லிட்டர். 200 மில்லிதானே என்று விட முடியாது. ஆயில் குறைந்தால் ஏற்றத்தில் முதலில் காய்வது மேல் ஷாஃப்டின் பேரிங்.

வாஷர்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் கியர் பாக்ஸின் டிரெயின் போல்ட் (ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) 18 மி.மீ.; உங்கள் அலுமினிய வாஷரின் உள் துளை 20 மி.மீ.க்கும் சற்று அதிகம். போல்ட்டில் மாட்டினால் ஒரு பக்கமாகத் தொங்குகிறது, இறுக்கினாலும் ஓரத்தில் கசிகிறது. அதே வாஷர் எங்கள் கிரவுன் ஹவுசிங்கின் டிரெயின் போல்ட்டில் கச்சிதமாக உட்காருகிறது. மூடிகளின் இடுக்கில் பூசும் லிக்விட் கேஸ்கெட்டும் அப்படியே. எங்கள் கியர் பாக்ஸில் ஆயில் மாற்ற எந்த மூடியையும் கழற்ற வேண்டியதில்லை. கிரவுன் ஹவுசிங்கின் பின்மூடிக்குத்தான் அது தேவை. போதாததற்கு, டியூபின் மேல் ‘24 மணி நேரம் காயவிடவும்’ என்று இருக்கிறது, விளக்கத்தாளிலோ ‘பூசியவுடன் ஆயில் நிரப்பவும்’.

இனி அந்த விளக்கத்தாள். வீட்டு வாசலில் வேலை செய்பவர் நம்புவது இந்த ஒரு காகிதத்தை மட்டுமே. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

‘டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடிக்கவும், பிறகு ஃபில்லர் போல்ட்டைத் திறக்கவும்’ என்கிறது முதல் பக்கம். வரிசை தலைகீழ். எந்தக் கியர் பாக்ஸானாலும் ஆயில் ஊற்றும் துளையின் போல்ட்டான ஃபில்லரைத்தான் முதலில் திறக்க வேண்டும். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால் பழைய ஆயிலாவது உள்ளே இருக்கும், வண்டியை ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். உங்கள் வரிசைப்படி செய்தால் காலி கியர் பாக்ஸோடு வண்டி ஜாக்கி ஸ்டாண்டின் மேல் நிற்கும். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பும் ஐஸ் தண்ணீரும் சேஸிஸ் முழுக்க இறங்கும் வண்டிகளில் ஃபில்லர் போல்ட் இறுகிப்போவது சர்வசாதாரணம். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவைக்க வேண்டும். ஓப்பன் ஸ்பானர் போட்டால் மூலை மழுங்கும். ஆறு பட்டை சாக்கெட்தான் போட வேண்டும். இதில் ஒரு வரிகூட உங்கள் தாளில் இல்லை.

‘வண்டி முழுக்கக் குளிர்ந்தபின் வடிக்கவும்’ என்பது அடுத்த தவறு. கால் மணி நேரம் ஓட்டி, ஆயில் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது வடித்தால்தான் அடியில் தங்கிய இரும்புத் தூளும் சேர்ந்து வரும். வடிந்ததைப் பார்த்து என்ன புரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கலாம். டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். பொன் நிறச் செதில் வந்தால் சின்க்ரோ ரிங் போகிறது. விரலில் நெருடும் இரும்புத் துண்டு என்றால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது, புது ஆயில் ஊற்றிப் பயனில்லை. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை நாளில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரில் சூடான கியர் பாக்ஸ் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், பிரீதர் வழியாகத் தண்ணீரை இழுக்கும். இந்த ஊருக்கு அந்தப் பிரீதர் மூடி எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும். நீங்கள் வைக்க மறந்ததும் அதைத்தான். அது அடைத்துக்கொண்டாலும் ஆபத்து: உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல ஆயில் சீலும் ஒழுகும்.

சீலின் அளவு சரி. ஆனால் படத்தில் ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தை வெளியே காட்டியிருக்கிறீர்கள். ஸ்பிரிங் பக்கம் ஆயிலை நோக்கி, அதாவது உள்ளே இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து மாட்டினால் முதல் லோடிலேயே ஒழுகும்; மறுபடி கழற்றினால் அந்தச் சீல் குப்பைக்குத்தான். தூசு தடுக்கும் இரண்டாவது லிப்பும் (ரப்பர் விளிம்பும்) அதில் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் தூசிலேயே ஓடும் வண்டிக்கு ஒற்றை லிப் சீல் எத்தனை மாதம் தாங்கும்? கியர் பாக்ஸிலிருந்து கிரவுனுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சின் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டின்) இரண்டு பக்கமும் பெயின்ட் குறி வைக்கச் சொல்லவில்லை. குறி மாறினால் வண்டி அதிரும்.

ஆயில் நிரப்பும் பகுதியில் ‘முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஃபில்லர் துளையில் வழியும்வரை ஊற்றவும்’ என்கிறீர்கள். முன்பக்கம் உயர்ந்தால் ஆயில் பின்னால் போகும். துளையில் வழிவதை வைத்து மட்டம் பார்க்க முடியாது. நான்கு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கை பம்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: 140 கெட்டி ஆயிலை அது இழுக்கவில்லை, அழுத்தியதும் ஹோஸ் கழன்றது. கடைசியாக ‘முடிந்தவரை பலமாக இறுக்கவும்’. ஹவுசிங் அலுமினியம், போல்ட் இரும்பு. அப்படி இறுக்கினால் மரை உரிந்து வரும். எங்கள் கையேடு சொல்வது 40 நியூட்டன் மீட்டர், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து.

பழைய ஆயிலை என்ன செய்வது என்று தாளில் இல்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்த ஊர் இது. காலி பாட்டிலிலேயே ஊற்றி, அனுமதி பெற்ற பழைய ஆயில் சேகரிப்பாளரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

உங்கள் உதவி எண்ணில் பேசியவர், “எல்லா பிக்கப்புக்கும் இதே கிட்தான் சார், போடலாம்” என்று சொல்லி வைத்துவிட்டார். பெட்டியில் மாடல் பெயரும் ஆண்டும் அச்சிட்ட பிறகு இது பதில் ஆகாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆவது பிரிவின்படி, சரியான பயன்பாட்டுக் குறிப்பு தராததற்கும் தயாரிப்பாளரே பொறுப்பு. ஆகவே கிட்டின் விலை 2,450 ரூபாயையும், உங்கள் ஆயிலை வடித்துவிட்டு ஊற்றிய ஜி.எல்-4 ஆயிலுக்கும் புதுச் சீலுக்கும் ஆன தொகையையும் திருப்பித் தர வேண்டும். இந்த மாடல் பெயரோடு கடைகளில் இருக்கும் கிட்டுகளை எடுத்துவிட்டு, ஏற்கனவே வாங்கியவர்களுக்கு ஆயிலை மாற்றச் சொல்லித் தகவல் அனுப்ப வேண்டும். எங்களுக்குப் பணம் வருவதைவிட இந்த இரண்டாவதே அவசரம். சின்க்ரோ ரிங் போனால் கியர் பாக்ஸை இறக்காமல் மாற்ற வழியில்லை. விளக்கத்தாளைத் திருத்தித் தமிழிலும் அச்சிட வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வோம். உங்கள் ஆயிலில் அரை லிட்டரும், பொருந்தாத வாஷர்களும், சீலும், பெட்டியும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்கள்.

இணைப்பு: பில் நகல், பாட்டில் லேபிள் மற்றும் விளக்கத்தாளின் படங்கள், கையேட்டின் ஆயில் அட்டவணைப் பக்கம், வாஷரை இரண்டு போல்ட்களிலும் வைத்து எடுத்த படம், ஜி.எல்-4 ஆயில் மற்றும் சீல் வாங்கிய ரசீது.